ம் கொட்டும் வண்டி

காரில் ஏறியதும் முதல் வேலையாக சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்துக்கொள்ளும் என் நசீருக்கு,

மானக்கேடான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது உன் காதுக்கு வந்து நீ கோபித்துக்கொள்ளக் கூடாது பார். கார் ஷோரூமில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் நீ உயிரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

சொன்னதோடு விட்டேனா? உனக்கு வெளியூர் வேலை, ஃபாரின் டூர், காய்ச்சல் எல்லாம் கொடுத்து இரண்டு மாதமாக உன்னைப் பராமரித்து வருகிறேன். தலைக்கு டை அடித்துக்கொண்டு, ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிகிற ஒருவன் செய்கிற காரியமா இது? நீயே சொல். சொல்ல மாட்டாய். அங்கேதான் இருக்கிறது எல்லாத் தொல்லையும்.

நடந்தது என்னவென்றால், நம் பழைய கார் படுத்துவிட்டது. "நம்" என்றுதான் இன்னும் வருகிறது. வலது பக்கம் என்னுடையது, இடது பக்கம் உன்னுடையது. மாதனூர் தாண்டி நடுரோட்டில் புகைவிட்டு நின்றது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"சார், இனிமே இதுக்குச் செலவு பண்ணாதீங்க. வீட்ல உக்கார வெச்சு சோறு போடறதுன்னா போடுங்க."

சாந்திக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மழைக்காலத்தில் அந்தக் காரின் பின்சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே பயணம் செய்தவள். "எலக்ட்ரிக்கோ கிலக்ட்ரிக்கோ, மழை பேஞ்சா உள்ள தண்ணி வராத வண்டியா ஒண்ணு வாங்குங்க. எனக்கு வேற ஆசை இல்ல" என்றாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவள் கேட்டது இவ்வளவுதான் என்று நினைக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹைவே ஓரம், கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு ஷோரூம் வந்திருக்கிறது. பெட்ரோலா டீசலா என்று கேட்பார்கள், பெட்ரோல் என்று சொல்ல வேண்டும், இவ்வளவுதான் நான் தயார் செய்துகொண்டு போன பாடம். திவ்யா என்று ஒரு பெண் வந்து நின்றது. என் பெண் இனியாவைவிட இரண்டு மூன்று வயது சின்னதாக இருக்கும்.

"சார், எலக்ட்ரிக் பாக்கறீங்களா, ஹைப்ரிட் பாக்கறீங்களா?"

காபியா டீயா என்பது மாதிரி கேட்டுவிட்டது. பழகின வாய் பழகினதைச் சொல்லிவிட்டது. "நசீர் வரட்டும்மா. அவன்தான் முடிவு பண்ணணும்."

"அவரு யாரு சார்?"

"என் தோஸ்த்."

"எப்ப சார் வருவாரு?"

அப்போது சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக, "வாணியம்பாடி போயிருக்கான், லெதர் பாக்க" என்றேன்.

நம் ரெண்டு பேரின் பழைய வித்தைதானே அது. இன்ஷூரன்ஸ்காரர் வந்தால் நான், "நசீர் வரட்டும்." தண்ணீர் சுத்தப்படுத்தும் மிஷின்காரன் உன் வீட்டுக்கு வந்தால் நீ, "ரவிகிட்ட கேட்டுச் சொல்றேன்." அரக்கோணம் பக்கம் மனை விற்க வந்தவன் நம் இருவர் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து செருப்புத் தேய்ந்து போனான். ஒருவருக்கொருவர் முதுகில் ஒளிந்துகொண்டே இத்தனை வருஷம் எதையும் வாங்காமல் தப்பித்தோம். நீ போய்விட்டாய் என்கிற செய்தி எனக்குத் தெரியும். என் வாய்க்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

உனக்கு இங்கத்திய நிலவரம் சொல்ல வேண்டும். தினமும் காலையில் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறேன். கொணவட்டம் சர்வீஸ் ரோடு வந்ததும் என் கால் தானாகவே ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பிவிடும். டீக்கடை முனையில் நீ நிற்கிறாயா என்று கண் பார்க்கும். சில நாள் ஹாரன்கூட அடித்திருக்கிறேன். டீக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார், நான் எதிரில் நாய் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு போய்விடுவேன்.

ரம்ஜான் மாதம் அந்த நாள்கூட அப்படித்தான் ஹாரன் அடித்தேன். நோன்புக்கு விடியுமுன் ஸஹர் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தூங்கிவிட்டாய் என்று நினைத்து எரிச்சலில் நீளமாக அடித்தேன். உன் தம்பி சந்திலிருந்து ஓடி வந்தார். எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய முகம் இல்லை, கால். ஷூக்காரன் கண் அங்கேதானே போகும். வெறும் கால்.

அதற்கப்புறம் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு ஒரு ரோடு இருக்கிறது, அதில் நான் போகிறேன், வருகிறேன். அவ்வளவுதான். இதே ரோட்டில் நான் எவ்வளவு பேசியிருக்கிறேன்! யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் யாரோடு பேசவில்லை, ஃபினிஷிங் மேனேஜர் யாருக்காக முடி நட்டுக்கொண்டான், எல்லாம் விரிஞ்சிபுரம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் இலக்கியம்.

மாதம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை, காசு கொடுத்து யாரும் வாங்காத ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறேன் இல்லையா, அதை எழுதுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். சொல்லும்போது எதிராளி 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' கொட்ட ஆளில்லாமல் கதை நகராது. நீ சிரிக்க மாட்டாய். சீட்டில் சாய்ந்துகொண்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்தபடி இருப்பாய். நடுநடுவே ஒரு "ம்". நல்ல இடமாக இருந்தால் கொஞ்சம் இழுத்து, "ம்ம்." சிரிப்பு சாதாரண ஆளுக்கும் வரும், நிதானமான அந்த 'ம்' உயர்ந்த ரசிகனுக்கு மட்டுமே வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நீ 'ம்' சொல்லாத கட்டுரைகளை எழுதாமலே விட்டிருக்கிறேன். இழுத்துச் சொன்னதை முதல் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் நம் சாம்பிளுக்கு அப்ரூவல் கொடுப்பது மாதிரி எனக்கு உன் 'ம்'.

அந்தக் கூலிங் கிளாஸ் பற்றி ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிட்டேன். காலையில் மேற்கே போகிறோம், சூரியன் முதுகுப் பக்கம். சாயந்திரம் கிழக்கே திரும்புகிறோம், அப்போதும் முதுகுப் பக்கம். ஐப்பசி மழையில்கூட நீ அதைக் கழற்றியதில்லை. என்ன ஸ்டைல் அது? யாருக்காக?

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆபீஸில் ஏற்கெனவே ஒருத்தன் எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டான். உனக்குப் பிடிக்காத பிளானிங் தேவராஜ். முதல் வாரம் எல்லோரையும் கூப்பிட்டு, "பெட்ரோல் பங்க் பக்கமே தல வெச்சுப் படுக்கிறதில்ல" என்று பீற்றிக்கொண்டான். மே மாத வெயில் வந்தது. சார்ஜ் கம்மியாகிவிடும் என்று ஏ.சி. போடாமல், வெளியில் தெரியக் கூடாது என்று கண்ணாடியையும் இறக்காமல், ஆம்பூர் வந்து இறங்கும்போது அவித்த கிழங்கு மாதிரி இறங்கினான். இப்போது யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முகூர்த்த நேரம் கேட்பதில்லை. "மண்டபத்துல பெரிய பிளக் பாயின்ட் இருக்குதா?" என்றுதான் கேட்கிறான். தூரத்து உறவுக் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருகிறான். பாசக்காரன் என்று பேர் வாங்கிவிட்டான்.

இனியா பெங்களூரிலிருந்து போனில் தீர்ப்புச் சொன்னாள். "அப்பா, எலக்ட்ரிக்தான். நீங்க எல்லாரும் சேந்து தோல் கழிவ விட்டுப் பாலாற கறுப்பாக்கினது போதும். கார்லயாவது பாவத்தக் கழுவுங்க." உன்னைச் சொன்னால் எனக்குத் தாங்காது என்று தெரிந்து, "நசீர் அங்கிள் இருந்திருந்தா அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு" என்று வேறு சேர்த்துக்கொண்டாள். நீ அப்படிச் சொல்லியிருப்பாயா? நீ "பாக்கலாம்டா" என்றுதான் சொல்லியிருப்பாய். எதற்கும் நீ அதுதான் சொன்னாய். அதைக் கேட்டாலே பாதி முடிவு ஆனது மாதிரி இருக்கும்.

சாந்தியின் கவலை வேறு. நாங்கள் மாடி வீடு. "அயன் பாக்ஸ் போட்டாலே ஃபியூஸ் போயிடுது. ஜன்னல் வழியா ஒயர் விட்டு காருக்குப் பால் குடுக்கப் போறீங்களா?" கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் கொடி மாதிரி என் சார்ஜர் ஒயர் தொங்கும் காட்சி என் கண்ணுக்கும் தெரிந்தது.

போகட்டும், ஓட்டிப் பார்க்கிறேன் என்று போனேன். முதலில் எலக்ட்ரிக். கதவைத் திறந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்கவில்லை. ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கவில்லை. கட்டை விரல் நகத்தால் சீட்டைக் கீறிப் பார்த்தேன். மடித்துப் பார்த்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். ஹெட்ரெஸ்டில் மூக்கை வைத்துக்கொண்டு நிமிரும்போது ஷோரூமே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"இது இன்னாம்மா, ரெக்ஸினா?"

"வீகன் லெதர் சார்." அந்தப் பெண் கொஞ்சம் பயந்துதான் சொன்னது.

"வீகன்னா?"

"மிருகத்துல இருந்து எடுக்காதது சார். சுத்த சைவம்."

"மாடு இன்னாம்மா சாப்பிடுது, கோழி பிரியாணியா? அதுவும் சுத்த சைவம்தான். அப்ப எங்க ஊரு லெதர் எல்லாமே வீகன்தான்."

சொல்லிவிட்டு இடது பக்கம் திரும்பினேன். நீ 'ம்' சொல்ல வேண்டிய இடம். அங்கே ஒரு தண்ணீர் கேனும் ஒரு பிளாஸ்டிக் செடியும் இருந்தன. திவ்யா சிரித்தது, நன்றாகத்தான் சிரித்தது. ஆனால் அது கஸ்டமருக்குச் சிரிக்கிற சிரிப்பா, ஜோக்குக்குச் சிரிக்கிற சிரிப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓட்ட உட்கார்ந்ததும் பட்டனை அமுக்கினேன். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அமுக்கினேன். "சார், ஆன் ஆயிருந்துச்சு. இப்ப ஆஃப் பண்ணிட்டீங்க." இப்படியே நாலைந்து தடவை அந்த வண்டியைத் தூங்கவைத்து எழுப்பினேன்.

என் டிபன் பையை வழக்கம்போல இடது சீட்டில் வைத்தேன். அந்தப் பெண் முன்னால் உட்கார வந்தது, பையைப் பார்த்தது, என் முகத்தைப் பார்த்தது, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஹைவே ஏறினேன். நசீரு, அது கார் இல்லை, ஆஸ்பத்திரி லிஃப்ட். அவ்வளவு அமைதி. நான் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. என் முழங்கால் மடங்கும் சத்தம் கேட்டது. அந்த அமைதியில் எதையாவது பேச வேண்டும் என்று தோன்றியது, பேசினால் அது அப்படியே திரும்பி என் மடியிலேயே வந்து விழும் என்றும் தோன்றியது. இந்த வண்டியில் தினமும் ஆம்பூருக்கா? தனியாகவா?

அப்போது வண்டி "டிங், டிங்" என்று அடிக்க ஆரம்பித்தது.

"இன்னாம்மா இது? சார்ஜ் தீந்துபோச்சா?"

"இல்ல சார். லெஃப்ட் சீட்ல யாரோ உக்காந்திருக்காங்கன்னு வண்டி நெனச்சுக்குது. பெல்ட் போடச் சொல்லுது."

பையின் கனம். சாந்தி அன்றைக்கு சாதம், குழம்பு, தயிர் எல்லாம் எவர்சில்வரில் கட்டியிருந்தாள். அந்தப் பெண், "பைய எடுத்துக் கீழ வெச்சிடுங்க சார், நின்னுடும்" என்றது. நியாயமான யோசனை. நான் வண்டியை ஓரம் கட்டினேன், எட்டி இழுத்து உன் சீட்டின் பெல்ட்டைப் பைக்குப் போட்டுவிட்டேன். சத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னாலிருந்த பெண் ஜன்னல் வழியாக வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் வயலே கிடையாது, லாரி ஷெட்தான்.

அப்புறம் போன் வர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தடவை.

"சார், ஃப்ரெண்டு வந்துட்டாரா சார்?"

"வாணியம்பாடில இருந்து நேரா கான்பூர் போய்ட்டாம்மா."

அடுத்த வாரம், "கான்பூர்ல இருந்து வந்துட்டாரா சார்?"

"இத்தாலில லெதர் கண்காட்சி. கம்பெனில அனுப்பிட்டாங்க."

உயிரோடு இருந்தவரை பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ. இப்போது உலகம் சுற்றுகிறாய், பார்த்தாயா? அதற்கடுத்த வாரம் அங்கே குளிர் ஜாஸ்தி என்று உனக்குக் காய்ச்சல் வரவைத்தேன். "ஐயோ, சூடா ஏதாவது குடிக்கச் சொல்லுங்க சார்" என்றது அந்தப் பெண். சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். சிரிக்காதே. உனக்குக் காய்ச்சல் என்று கவலைப்படுவது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்? காய்ச்சல் என்றால் சரியாகிவிடும் இல்லையா? உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நீ ஊரில் இல்லை, அவ்வளவுதான். வந்துவிடுவாய். அந்த ஒரு ஆளை இழக்க எனக்கு மனசு வரவில்லை. கார் வாங்கினால் அந்தப் பெண் போன் செய்வதும் நின்றுவிடும், பழைய காரும் போய்விடும். அதில் உன் சீட் நீ விட்ட சாய்விலேயே இருக்கிறது. சாந்தி முன்னால் உட்கார்ந்தால்கூட அதை நிமிர்த்த விட்டதில்லை. கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் அவள் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஆனால் ஒப்பேற்றி ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி இன்னொரு தடவை நின்றது. இந்தத் தடவை டோல்கேட்டில், பின்னால் பத்து லாரி ஹாரன் அடிக்க. தள்ளினவர்கள் என்னையும் என் வண்டியையும் வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது. வேறு வழியில்லாமல் ஹைப்ரிட்டை ஓட்டிப் பார்க்கப் போனேன்.

அதற்குள் பெட்ரோலும் இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது. பிளக்கில் சொருக வேண்டாம். பிரேக் பிடிக்கப் பிடிக்கத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. இரண்டு குடும்பம் வைத்திருக்கிறவன் மாதிரி, எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று வெளியில் தெரியாது. மெதுவாகப் போனால் பேட்டரி, அதே அமைதி. இதுவும் லிஃப்ட்தான் என்று நினைத்துக்கொண்டே, சும்மா இருக்க முடியாமல், பாலம் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் தேவராஜ் கதையை ஆரம்பித்தேன். அவித்த கிழங்கு என்கிற இடம் வந்தது.

"ம்."

நான் திரும்பிப் பார்த்தேன். இடது சீட்டில் டிபன் பை. முன்ஜாக்கிரதையாக பெல்ட் போட்டு வைத்திருந்தேன்.

"என்ஜின் சார்" என்றது பின்னாலிருந்து திவ்யா. "தேவப்படும்போது தானா எழுந்துக்கும். அப்பால தானா அடங்கிடும்."

அடங்கியது. மண்டப பிளக் பாயின்ட் வரைக்கும் சொன்னேன். விரிஞ்சிபுரம் பக்கம் லேசாக வேகம் கொடுத்தேன். "ம்ம்." கொஞ்சம் இழுத்து. மூக்கிலிருந்து வருவது மாதிரி. நசீரு, அதே சத்தம்டா. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். கண்ணில் தூசி என்று சொன்னேன். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எந்தத் தூசி என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

வீட்டில் காரணம் தயார் செய்துகொண்டேன். சாந்திக்கு, ஒயர் தொங்கவிட வேண்டாம். இனியாவுக்கு, பாதி எலக்ட்ரிக்தானே, பாலாறும் பாதி சுத்தமாகட்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நிஜக் காரணம் உனக்கு மட்டும். 'ம்' கொட்டுகிற வண்டி ஊரில் அது ஒன்றுதான்.

புக் பண்ணப் போன அன்றைக்கு இன்னொரு சிக்கல். "டெலிவரி அன்னிக்கு துணி போட்டு மூடி வெச்சுத் தெறப்போம் சார், கேக் வெட்டுவோம். குடும்பத்தோட வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்த திவ்யா, அதோடு நிறுத்திவிட்டது. நசீரை அழைத்து வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்லுமா சொல்லாதா என்று காத்திருந்தேன். பிறகு எனக்கே பொறுக்கவில்லை.

"அம்மா, என் ஃப்ரெண்டு வர மாட்டான்."

"தெரியும் சார்."

"இன்னா தெரியும்?"

"எங்கப்பா உங்க கம்பெனில கட்டிங்ல இருக்காரு சார். நசீர் சார் மவுத்துக்கு அவரோட நானும் வந்திருந்தேன். நீங்க உள்ள வரல. வெளில எல்லாரோட செருப்பையும் ஜோடி சேத்து வரிசையா அடுக்கிட்டு இருந்தீங்க. போகும்போது என் செருப்ப நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க."

யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன்னை அப்படிப் படுக்கவைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் செய்வதெல்லாம் பையருக்கு அனுப்புகிற ஒத்தைக் கால் சாம்பிள், உனக்குத் தெரியும். வருஷக்கணக்காக ஒரு ஜோடியைக்கூட முழுசாகப் பார்க்காத கை. அன்றைக்கு வாசலில் அத்தனை செருப்பும் கலைந்து கிடந்தது. இடதுக்கு வலது தேடிச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் நாலு பேர் வந்து கழற்றிப் போட்டிருப்பார்கள். நல்லவேளை என்று மறுபடி ஆரம்பிப்பேன்.

"அப்புறம் ஏம்மா வாரா வாரம் கேட்டே?" என்றேன்.

"நீங்கதான ஃப்ரெண்டு வரட்டும்னீங்க. வர மாட்டார்னு நான் எப்பிடி சார் சொல்றது?"

புக்கிங் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று பழைய காரை எக்ஸ்சேஞ்சுக்குப் பார்க்க ஒரு ஆள் வந்தார். டயரைத் தட்டினார், டிக்கியைத் திறந்தார். பிறகு இடது கதவைத் திறந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல் உன் சீட்டை நிமிர்த்தி முன்னால் இழுத்துவிட்டார். 'கடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். "சீட் நல்லாத்தான் இருக்குது" என்றார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை புது வண்டி வருகிறது. எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். பழைய காருக்கு நீதான் நாலு டயருக்கும் குனிந்து குனிந்து வைத்தாய். நான் முதல் கியருக்குப் பதிலாக ரிவர்ஸ் போட்டு, பழத்தை விட்டுவிட்டு அப்படியே பின்னால் போனேன். "டேய், பழம் இங்க இருக்குதுடா! எங்கடா போறே?" என்று நீ கத்தியது சத்துவாச்சாரி முழுக்கக் கேட்டது. இந்த வண்டியில் கியரே இல்லை. தப்பு செய்யக்கூட வசதியில்லை, பேஜார்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. இந்தத் தடவை பழத்தை நானே குனிந்து வைக்கிறேன். டீக்கடை முனையில் ஹாரன் அடித்தால் நாய் மேல் பழி போடாமல், உனக்குத்தான் அடித்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். உன்னை இத்தாலியிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்கிறேன், இனி யாரிடமும் நீ ஊரில் இல்லை என்று சொல்ல மாட்டேன். புதுசாக எது எழுதினாலும் விரிஞ்சிபுரத்தில் ஆரம்பித்து மாதனூரில் முடிப்பேன். 'ம்' வந்தால்தான் பத்திரிகைக்கு அனுப்புவேன். இடது சீட்டை உன் சாய்வுக்கே தள்ளி வைப்பேன். சாந்தி வழக்கம்போல வானம் பார்க்கட்டும்.

உனக்கு வலது பக்கம் உட்கார்ந்தே வயசான உன் தோஸ்த்,
ரவி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துவிட்டு, புது வண்டி வருவதை பாபியிடம் சொல்ல உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் கூலிங் கிளாஸை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். கண்ணில் வெயிலே படாத ரோட்டில் இதை எதற்குப் போட்டான் என்று கேட்டேன். பாபி சிரித்துவிட்டார்கள். "உங்களுக்குத் தெரியாதா ரவி பாய்? கார்ல ஏறின உடனே அவருக்குத் தூக்கம் வந்துரும். நீங்க பாவம், ஆசையா பேசிட்டு வர்றீங்க, மனசு கஷ்டப்படுவீங்கன்னு கண்ண மறைக்கத்தான் வாங்கினாரு. ஆம்பூர் வர்ற வரைக்கும் நல்லாத் தூங்குவாராம். வீட்லயும் அப்பிடித்தான், தூக்கத்துல 'ம்', 'ம்'னுக்கிட்டே இருப்பாரு."